நான்கு கீறல்

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பாள் என் மனைவி. இந்த வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை எழுந்துவிட்டேன், நீங்களும் பார்த்தீர்கள்.

பழைய மரச்சாமான்களை ஏலத்தில் எடுப்பது என் பைத்தியம். யாராவது போய்ச் சேர்ந்தால் வாரிசுகள் சாமான்களை ஏலக்கூடத்துக்கு அனுப்புவார்கள். நான் முதல் ஆளாகப் போய் நாற்காலி நாற்காலியாகக் கவிழ்த்துப் பார்ப்பேன். மேலே பாலிஷ் ஏமாற்றும், அடிப்பலகை ஏமாற்றாது. ஏலக்காரர் எனக்கு வைத்த பெயரே 'தலைகீழ்'.

ஈட்டி மரத்தில் ஆறு நாற்காலிகள். செய்தவர் ஒவ்வொன்றின் அடியிலும் வரிசைப்படி உளியால் கீறியிருந்தார். பதினோரு வருடத்தில் ஐந்து சேர்ந்துவிட்டன. நான்கு கீறல் உள்ளது மட்டும் சிக்கவில்லை. ஆறும் சேரும்வரை யாரும் உட்காரக் கூடாது என்றேன். மனைவியும் மகளும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

மகளின் சட்டையைப் பிடிக்கக் கொடுத்த இடத்தில் அதைப் பார்த்தேன். தையற்காரம்மா அதில் உட்கார்ந்துதான் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். தனிக்கட்டை, இளைப்பு நோய் வேறு. மெத்தை வைத்த புது நாற்காலி தருகிறேன் என்று எட்டு மாதம் நடையாய் நடந்தேன்.

"என் முதுகுக்குப் பழகினது தம்பி. நான் போனப்புறம் ஏலத்துல எடுத்துக்கோங்க," என்று சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதன்பிறகு இருப்புக்கொள்ளவில்லை.

அவர் சொன்னபடியே அது ஏலத்துக்கு வந்தது. அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். கவிழ்த்துப் பார்க்காமலே கையைத் தூக்கினேன். எல்லாவற்றையும் புரட்டுகிற ஆள் இதை மட்டும் ஏன் புரட்டவில்லை என்று ஏலக்காரருக்கு உறுத்தியிருக்கிறது. இன்ஹேலர் ஏன் அலமாரி உச்சியில் கிடந்தது என்று அந்தம்மாவின் அண்ணன் மகனுக்கும் உறுத்தியிருக்கிறது. இரண்டையும் நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான்.

அதை உச்சியில் வைத்தது நான். அன்று மதியம் அவர் உள்ளே சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காமல் துணித்துண்டு மூட்டையை நன்றாக உதறினேன். அறை முழுக்கத் தூசி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வந்ததும் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தேடினார், கண்டுபிடித்தார், எட்டவில்லை. ஏறி நிற்க அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

"கொஞ்சம் எழுந்திருங்க தம்பி," என்றார். அடுத்த முறை பேச்சு வரவில்லை, நாற்காலியின் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு கீறல்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் மேல் என் விரல்கூடப் படவில்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன் என்கிறாளே என் மனைவி, அவளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: அன்று இருபது நிமிடம் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.