ஹால்ராய்ட்காரங்க

கையை உள்ள இழுங்க தம்பி. மரியாதைக்குத்தான் நீட்டுறீங்க, தெரியுது. இருந்தாலும் இழுங்க. எங்க ஆட்டுச் சந்தையில கையோட கை அடிச்சா வித்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. இப்பத்தான் பண்ணைக்கு ஒரு விலை சொன்னீங்க. சொன்ன வாய் மூடறதுக்குள்ள கையை நீட்டினா நான் எப்படிப் புடிப்பேன்? என் ரெண்டு கையும் இந்த ஏப்ரன் பையை விட்டு வெளிய வராது. கோவிச்சுக்காதீங்க.

கேட்டைச் சாத்திட்டுத்தானே வந்தீங்க? நல்லது. எங்க பக்கம் கொலைகாரனைக்கூட மன்னிப்பாங்க, கேட்டைத் திறந்து போட்டுட்டு வர்றவனை மன்னிக்க மாட்டாங்க. ஆடு அத்தனையும் மலையேறிரும்.

உக்காருங்க. பூனையைத் தள்ளிவிட்டுட்டு உக்காருங்க, அது ஒண்ணும் மகாராணி இல்ல. டீக்கு எலுமிச்சம்பழமா? அதையெல்லாம் அமெரிக்காவுலயே வெச்சுக்கோங்க. இங்க பாலுதான்.

விலை குறைச்சல்னு யாரு சொன்னா? நல்ல விலைதான். சின்னப் புள்ளையிலருந்து சந்தையில நிக்கிறவ நான். பல்லு விழுந்த கிழட்டு ஆட்டை ஒரு பாதிரியார் தலையில கட்டினவ, அவரே எனக்கு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் சாகக் கிடக்கறப்போ, ஹில்டா, நான் கண்ணை மூடினதும் என் பூட்ஸை வித்துருவேதானேன்னார். வித்தேன். நல்ல பூட்ஸு. எங்கிட்ட விலைக்கு இல்லாதது ஒண்ணும் கிடையாதுன்னு ஊரே சொல்லும். ஆனா இந்த ஹால்ராய்ட் பண்ணை விலைக்கு இல்ல.

மறுபடியும் அந்த மோதிரமா? பார்த்துட்டேன். கேடயம், சிங்கம், கீழ உங்க பேரு, ஹால்ராய்ட்னு. எங்க வாங்கினீங்க? விமான நிலையத்துலயா! கேட்டுப் பாருங்க, அவன்கிட்ட என் பேரு கிராப்ட்ரீக்கும் ஒரு சிங்கம் இருக்கும். இங்க சிங்கமும் இல்ல, கோட்டையும் இல்ல. நீங்களே இப்பப் படிச்சுச் சொன்னீங்களே, ஹால்னா பள்ளம், ராய்ட்னா காடு வெட்டித் திருத்தின நிலம்னு. அது சரிதான். ஜன்னல் வழியாப் பாருங்க. பள்ளம் இன்னும் பள்ளமாத்தான் இருக்கு. வெட்டின மகராசன் கல்லைப் பொறுக்காமப் போய்ட்டான். வருஷம் பூரா நாங்க பொறுக்கறோம்.

ஆனா பேரு ஹால்ராய்ட்னா மண்ணும் உங்க முன்னோர் மண்ணா? அதனால உங்களுக்குத்தான் குடுக்கணுமா? இருங்க, இருங்க. நீங்க பேசிட்டீங்க, இப்ப நான்.

என் பேரு ஹில்டா கிராப்ட்ரீ. கிராப்ட்ரீன்னா காட்டு ஆப்பிள் மரம். பழத்தைக் கடிச்சா புளிப்பு காது வரைக்கும் ஏறும். பேரு நல்லாத்தான் பொருந்தியிருக்குன்னுவானுங்க சந்தையில. இந்தப் பள்ளத்தாக்குல தடுக்கி விழுந்தா ஒரு கிராப்ட்ரீ மேலதான் விழணும். அதனால இருக்கற பண்ணையை வெச்சுத்தான் ஆளைச் சொல்றது. சந்தையில நான் ஹால்ராய்ட் ஹில்டா. ஆனா இந்தக் கேட்டுக்கு உள்ள வந்துட்டா? யாரு என்னை அப்படிக் கூப்பிடுவா? கோழியா?

இன்னும் புரியலையா? உங்க பாட்டனுக்குப் பாட்டன் இங்கயே இருந்திருந்தா அந்தப் பேரு அவனுக்கு ஒட்டியிருக்காது தம்பி. இங்க இருந்தவனுக்குப் பேரு வெறும் டாம், இல்லேன்னா வெறும் வில். ஒருத்தன் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கீழ இறங்கிப் போனான் பாருங்க, யாருடா நீன்னு கேட்டாங்க, ஹால்ராய்ட்லருந்து வர்றேன்னான். அன்னிக்கு ஒட்டிச்சு. உங்க பேரு பட்டா இல்ல. விட்டுட்டுப் போனதுக்கு அடையாளம். போனவன் பேரை எடுத்துக்கிட்டான், இருந்தவன் நெலத்தை வெச்சுக்கிட்டான். பங்கு அன்னிக்கே பிரிஞ்சுபோச்சு. ரெண்டும் எனக்கேன்னா அது பேராசை.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சாலும் விலை படியாது.

என்ன, கேட்ல பண்ணைப் பேரு எழுதியிருக்கற கல்லுப் பலகையாவது வேணுமா? அதைத் தொட்டா நாயை அவுத்து விடுவேன். பக்கத்துல நின்னு ஒரு படமா? அதுவும் கிடையாது.

பெயிண்டு புதுசுதான், ஆமா. நான்தான் அடிச்சேன். ஏணி மேல நின்னு, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. எழுத்து தூரத்துலருந்தே தெரிஞ்சுதா? ரோட்டு வளைவுலருந்தேவா? வேன்ல, வேகமாப் போறவனுக்குத் தெரியுமா? தெரியும்ங்கறீங்க. ம். சரி.

எங்க தங்கியிருக்கீங்க? கீழ ஹாலிஃபாக்ஸ் டவுன்லயா?

அப்ப ஒரு பேரம் பேசுவோம். பண்ணை இல்ல, அதை விடுங்க. படம். எடுத்துக்கோங்க. பதிலுக்கு எனக்கு ஒரு வேலை. ஹாலிஃபாக்ஸ்ல மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு குழாய் ரிப்பேர் கடை இருக்கு. வாசல்ல நீல வேன் நிக்கும். வேன் பூராவும் பெரிய எழுத்துல உங்க பேரு. ஆமா, ஹால்ராய்ட்.

குதிக்காதீங்க, உங்க சொந்தக்காரன் இல்ல. என் மவன், டெரிக். ஆடு வேணாம், டவுன்ல குழாய் போடப் போறேன்னான். போ, ஆனா கிராப்ட்ரீங்கற பேரை வாசப்படி தாண்டிக் கொண்டு போகாதேன்னேன். சொன்னது சொன்னதுதான், இன்னிக்கும் அதுல ஒரு எழுத்து வாபஸ் வாங்கல. அவனும் என் மவனாச்சே, கொண்டு போகல. வேன்ல என்ன எழுதியிருக்கான்னு பால்காரர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். போறவங்க எப்பவும் எதை எடுத்துட்டுப் போவாங்களோ அதைத்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்.

இப்ப சொல்லுங்க, நான் எப்படி விக்கிறது? யாருப்பா நீ, எந்த ஊருன்னு கேட்டா அவன் எந்தப் பக்கம் கையைக் காட்டுவான்?

நான் அனுப்பினேன்னு மட்டும் சொன்னீங்க, தொலைஞ்சீங்க. பேரு ஒண்ணா இருக்கேன்னு பேச்சைக் குடுங்க. படத்தைக் காட்டுங்க. படத்துல பலகை நல்லா விழணும். அப்புறம், எடுக்கறப்போ கேட்டை முழுசாத் திறந்து வெச்சு எடுங்க. ஆமா, நான்தான் சொல்றேன். ஆடு ஓடினா நான் புடிச்சுக்கறேன். ஹில்டா கிராப்ட்ரீ பண்ணையில கேட் திறந்து கிடக்குன்னா என்னன்னு அவனுக்குத் தெரியும்.

சம்மதமா? அப்ப நீட்டுங்க கையை. நல்லா சத்தம் வர்ற மாதிரி அடிங்க.