கையெழுத்தில்லாத தாள்

பரிமாறுகிறவர்களுக்குக் கால் கடுக்குமே என்று சமையலறை ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தவனே நான்தான் சார். உணவகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

டிப்ஸ் வாங்குகிறவர்களுக்குச் சம்பளம் குறைவு. டிப்ஸும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மிச்சத்தை முதலாளி போட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதனால் வாரா வாரம் டிப்ஸ் தொகையை ஒரு தாளில் நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நான் எழுதும் தொகை எப்போதும் போதுமானதாகவே இருக்கும். ஆறு வருஷமாக ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

நெட்டச்சி என்று நாங்கள் கூப்பிடும் பெண் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வராத காசுக்கு எப்படி சார் கையெழுத்து போடறது?" என்றாள். முதலாளி என் மாமனார். "இது ஆபீஸர் காதுக்குப் போச்சுன்னா கடையும் இல்ல, நீங்களும் இல்ல மாப்ளே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்ததில்லை.

தொழிலாளர் துறை அதிகாரி அன்று மத்தியானமே வந்தார். கூடத்தில் நிற்கிறவர்களை மட்டும்தான் விசாரிப்பார். வாய் நீளமானவர்களை அந்த நேரத்தில் ஃப்ரீசர் அறைக்குள் இறைச்சிப் பொட்டலங்களை எண்ண அனுப்புவது எங்கள் வழக்கம். பத்து நிமிடத்தில் அவர் கிளம்பிவிடுவார். நெட்டச்சியை அனுப்பினேன். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும்.

அன்று அவர் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எல்லாம் சரியாகக் கிடைக்கிறது என்றார்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றார். பழைய கம்ப்ரஸர் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சத்தம் நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

போகும்போது ஒரு தாளை நீட்டினார். "இந்தப் பொண்ணு கையெழுத்து இல்லையே. சாயங்காலம் வர்றேன், அவங்ககிட்ட பேசணும்."

கதவைத் திறந்தேன். மூலையில் சுருண்டு கிடந்தாள், உயிர் இருந்தது. தாளை நீட்டினேன். அவள் விரல் மடங்கவில்லை, பேனாவை நான்தான் பிடித்துக்கொண்டேன். போட்டுவிட்டாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள். பாவம், பொய் சொல்லத் தெரியாதவள்.

சாயங்காலம், அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அதிகாரி கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில்தான் அந்த அறையைத் திறந்தோம்.

நான் அவளை ஒன்றும் செய்யவில்லை சார். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், அவ்வளவுதான். அது கனமான கதவு, கையை எடுத்தால் தானாகவே மூடிக்கொள்ளும்.