இரண்டு பேருக்கு ஒரே கம்பி

காலை ஒன்பது மணிக்கு ரோலர் கோஸ்டர் கொஞ்சம் சோம்பலாகத்தான் ஓடும். சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருக்கும். இரண்டு சுற்று போய்ச் சூடேறினால்தான் வேகம் பிடிக்கும், டீ குடிக்காமல் ஷிஃப்டுக்கு வந்த ஆளைப் போல. உத்தமன் விழுந்தது மூன்றாவது சுற்றில். அதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார். தற்செயல் என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள்.

ஸ்டேஷனில் உட்கார வைத்து, பேப்பரும் பேனாவும் கொடுத்து நிதானமாக எழுதச் சொன்னீர்கள். நன்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினான்கு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், கையெழுத்து உங்களைச் சிரமப்படுத்தாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், திருமழிசைக்கு அப்பால் இருக்கும் இந்தப் பூங்காவுக்கு என் மகள் அருள்மொழியைக் கூட்டிப் போனேன். எட்டு வயது. வாசலில் உயரம் பார்க்கப் போட்டிருந்த கோட்டைக் குதிகாலைத் தூக்காமலேயே தாண்டிவிட்டாள். அந்தப் பெருமையைப் பூந்தமல்லி வரைக்கும் பஸ்ஸில் பேசுவது என்று திட்டம் வைத்திருந்தாள்.

ரோலர் கோஸ்டர் ரயிலில் ஒரு இருக்கையில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே கம்பி. மடிமேல் இறக்கினால் பூட்டிக்கொள்ளும். ஏற்றிவிடுகிற ஆள் அதை மேலே இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் கட்டைவிரலைக் காட்டுவார். கண்ணாடி அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். வேலை அவ்வளவுதான். அன்று கம்பி என் தொப்பையில் வந்து நின்றது. அருள்மொழியின் தொடைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உத்தமன் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. விரலைக் காட்டினான். நான் மட்டும் திரும்பி வந்தேன்.

விசாரணையில் "என் தப்புதான்" என்று உத்தமன் எழுதிக் கொடுத்தான். ஆறு மாதம் வெளியே நிறுத்தினார்கள். திரும்பி வந்ததும் ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தான். கம்பியை இழுத்துப் பார்த்தால் போதாது, ஒவ்வொருவர் தொடைமேலும் மடக்கிய கைமுட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் முட்டி நுழைந்தால் ஆளை இறக்கிவிட வேண்டும். தினமும் காலையில் மணல் மூட்டைகளை வைத்து இரண்டு சுற்று சோதனை ஓட்டம் நடக்கும். மூன்றாவது சுற்றில் கடைசி வரிசையில் அவனே தனியாக உட்கார்ந்து போய்வருவான். அதற்குப் பிறகுதான் ஜனங்களை ஏற்றுவான்.

இதற்குள் என் மனைவி வனஜா காட்டுப்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்பத்தூர் வேலையும் போயிற்று. ஒருநாள் உத்தமன் குத்தம்பாக்கத்திலிருந்து ஆவடிக்கு என்னைத் தேடி வந்தான்.

"ஊட்லயே குந்திகினு இன்னா பண்ணப் போற அண்ணாத்தே? மேனேஜராண்ட பேசிட்டேன். பார்க்கிங்ல ஒரு வேலை கீது."

"பார்க்கிங் வேணாம். உன் பக்கத்துலயே நிக்கிறேன்," என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருடம் நின்றேன். நல்ல வேலை சார் அது. ஏறும்போது வீரம் பேசுகிறவர்கள் இறங்கும்போது செருப்பைத் தேடுவார்கள். மத்தியானம் என் டப்பாவிலிருந்து உத்தமன் ஊறுகாயைத் திருடுவான். என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

போன மாதம் கரையான்சாவடியிலிருந்து பருத்த மனிதர் ஒருவர் மகளோடு வந்தார். உத்தமன் முட்டியை வைத்தான், குழந்தையின் பக்கம் தாராளமாக நுழைந்தது.

"பாப்பா முன்னாடி போய்க் குந்தட்டும் மாமே."

"எம்புள்ளைய நான் புடிச்சிக்க மாட்டேனா?"

"உன் கையி கம்பி இல்ல மாமே. பாப்பா முன்னாடி, இல்லாட்டி நீ கீழ."

"போலீஸக் கூப்புடுவேன்டா!"

"கூப்டு. அவரு தொப்ப உன்னோடதவிடப் பெருசு. அவரயும் தனியாத்தான் குந்த வெப்பேன்."

வரிசையே சிரித்தது. பத்து நிமிடம் ரயிலை நிறுத்தி வைத்தான். சிலர் கத்தினார்கள், அவன் அசையவில்லை. கடைசியில் அந்த மனிதர் இறங்கி நின்றார். குழந்தை முன்வரிசையில் ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே கோணி ஊசி வாங்கினேன்.

என் வயிற்றை டேப்பால் அளந்தேன். அந்தச் சுற்றளவுக்கு ஒரு சாக்கைத் தைத்து, பாதி மணலும் பாதி பழந்துணியுமாக நிரப்பினேன். ஒரு வாரம் பிடித்தது. பொறுமையாகத் தைத்தால் தையல் பிரியாது. திங்கட்கிழமை காலை இரண்டு சுற்று முடிந்த பிறகு, கடைசி வரிசையில் அதை வைத்தேன்.

உத்தமன் வந்து பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, உன் தம்பியா? தொப்ப அப்டியே கீதே!" சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான். உத்தமன் ஒல்லி, உங்களுக்குத் தெரியும். கம்பியை இறக்கினேன், மூட்டைமேல் நின்றது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"லூசா கீது அண்ணாத்தே. மூட்டைய எறக்கு."

நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

கண்ணாடி அறையில் இருந்த சித்ரா என் விரலைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், விதி அப்படி. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். உங்கள் பொறியாளர் எழுதியிருப்பதும் சரி. கம்பி கடைசிவரை பூட்டியேதான் இருந்தது. பழுது எதுவும் இல்லை. விழுவான் என்று தெரிந்து, விழ வேண்டும் என்றே அனுப்பினேன்.

நேற்று ஒன்று கேட்டீர்கள். மகள் இறந்த அன்று உத்தமன் என்னை எச்சரிக்கவே இல்லையா என்று. எச்சரித்தான் சார். பாப்பாவை முன்வரிசைக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டான். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ விரலைக் காட்டு என்று சத்தம் போட்டேன். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான பையன், காட்டிவிட்டான்.

விசாரணையில் நான் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. மேனேஜரிடம், வனஜாவிடம், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் பக்கத்திலேயே நின்று காத்திருந்தேன், ஒருநாளாவது அதை என் முகத்துக்கு நேரே சொல்வான் என்று. கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை.

தப்பு செய்யாதவன் எதற்காக சார் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறான்?