இரண்டாவது ஒன்றரை மணி

டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா, கேட்டதற்கு நன்றி. என்னை யாராவது இப்படிக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

குளிர்காலம் தொடங்கும்போது இந்த நாட்டில் ஒரு நாள் இரவு, இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அன்று மட்டும் இரவு ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். மனிதர்கள் தூங்கிச் சமாளித்துவிடுவார்கள். பராமரிப்பு இல்லத்தில் வலி மருந்து ஏற்றுகிற பம்புக்குத் தூக்கம் கிடையாது. அதற்கு மென்பொருள் எழுதியவன் நான். ஒன்றரைக்குக் கொடு என்றால் கொடுக்கும். ஒன்றரை இரண்டு தடவை வந்தால் இரண்டு தடவை கொடுக்கும். சொன்ன பேச்சு தட்டாத ஜென்மம்.

அதனால் வருடா வருடம் தலைமை நர்ஸ் போன் செய்வார். “அண்ணா, ரெண்டு ஒன்றரை வர்ற நாள் வந்தாச்சு. உங்க நாற்காலியத் தொடச்சு வச்சிருக்கேன்.” நான் போய் இரண்டாவதைக் கையால் நிறுத்துவேன். சூப் கொடுப்பார்கள். பதினோராம் கட்டிலில் இருந்த பழைய பஸ் டிரைவர் எனக்காக விழித்திருப்பார். “ஒரு மணி நேரத்த சும்மா தர்றீங்களே தம்பி, நான் பஸ் ஓட்டறப்ப தந்திருக்கக் கூடாதா?”

பிழையைத் திருத்த ஒரு வரி போதும். ஆறு வருடம் முன்பே எழுதி, சோதித்தும் பார்த்துவிட்டேன். என் கணினியிலேயே இருக்கிறது. அதைப் பம்பில் ஏற்றிவிட்டால் அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

இந்த வருடம் புது இயக்குநர் வந்தார். ஊருக்கே அறிவித்துக் கூட்டம் போட்டு, இனி நம் இல்லத்தில் காலம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று முழங்கினார். அவர் வாங்கியிருந்தது தானாக மணி மாற்றிக்கொள்ளும் பன்னிரண்டு சுவர்க் கடிகாரங்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் நானும் தட்டினேன். வெளியாளைக் கூப்பிட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாராம்.

அன்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒன்றரை வந்து போனது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்து மருந்து இந்த வருடம் டிரைவர் ஒருவருக்குத்தான் என்பதும், இரண்டாவது ஏறினால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இல்லம் நடக்கிற தூரம். ஆனாலும் கூப்பிடாத இடத்துக்குப் போவது மரியாதையா, நீங்களே சொல்லுங்கள்.

காலையில் நர்ஸ் போன் செய்தார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணா” என்று அழுதார். முழுதாக நாலு நிமிடம் பேசினோம்.

எல்லாவற்றையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த குளிர்காலத்துக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. என் நம்பர் மாறவில்லை என்று மட்டும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.