மூலையில அடி, அக்கா

"ஹலோ... ஆங், சொல்லுக்கா... கேக்குது, கேக்குது, நீ கத்தாத... என்னது, ஒழுகுதா? எங்க?... சன்ரூஃப்லயா? அது எப்படிக்கா ஒழுகும், போன மாசம்தானே பார்த்துக் குடுத்தேன்!"

மெக்கானிக் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விரல்களில் இருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்தான். பட்டறையின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகல் மூன்று மணிக்கே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. பேசுவது அவனுடைய அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கால் உடைந்த கணவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டும் இருபது வயதுக் காரைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்.

"எங்க சொட்டுது?... மாமா மாவுக்கட்டு மேலயா? ஹா ஹா... இல்ல, சிரிக்கல... சிரிக்கலன்னு சொல்றேன்ல! டாக்டர் என்ன சொன்னார்? இன்னும் ஆறு வாரமா?... சரி, ஒரு துண்டை எடுத்து மூலையில அடைச்சு வை... ஆமா ஆமா, குழாயெல்லாம் சுத்தம் பண்ணேன்... நாலையும்தான்... காத்து வெச்சு ஊதித்தான் விட்டேன்."

ஊதவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி எப்போதுமே கொஞ்சம் தண்ணீர் இறங்கும். அதைப் பிடித்து வெளியே விடத்தான் நாலு மூலையிலும் மெல்லிய குழாய்கள். தூசியும் இலைச்சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள் வழியும். அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்ய உள்கூரையையே கழற்ற வேண்டும். முழுசாக இரண்டு நாள் வேலை. போன மாதம் பட்டறை வாசலில் எட்டு வண்டிகள் நின்றன. முன்கண்ணாடி ஒட்டுகிற கறுப்புப் பசை அலமாரியில் இருந்தது. சன்ரூஃபைச் சுற்றி அதை இழுத்து விட்டான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது; அவசரத்தில் எங்கோ ஊசித்துளை அளவு இடைவெளி விட்டுப்போயிருக்க வேண்டும். மழைக்காலம் போனதும் சுரண்டி எடுத்துவிட்டு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அக்காவிடம் மட்டும், "கொஞ்ச நாளைக்கு அந்தப் பொத்தானைத் தொடாதே" என்று சொல்லி அனுப்பினான்.

"முன்னாடியும் வருதா? எந்தப் பக்கம்?... டேஷ்போர்டு ஓரமாவா? உள்ள இறங்குதா, வெளிய வழியுதா?" அவன் துணியைக் கீழே போட்டான். அந்த மூலைக்கு நேர் கீழேதான் வண்டியின் மின்இணைப்பெல்லாம் சேரும் ஃபியூஸ் பெட்டி. "அக்கா, ஒண்ணு செய். எங்கயாவது ஓரமா நிறுத்தி வண்டிய அணைச்சிரு... இப்ப எங்க இருக்க?... ரயில் பாலத்துப் பள்ளத்துல இறங்கிட்டியா? மழையில யாராவது அந்தத் தண்ணிக்குள்ள வருவாங்களா?... லாரி போகும்க்கா, லாரி உயரம் வேற, உன் வண்டி உயரம் வேற!... பின்னாடி எடுக்க முடியுமா?... சரி, அப்ப நிறுத்தாத. முதல் கியர்லயே மெதுவா... அக்கா? என்ன சத்தம் அது?"

சத்தம் அல்ல, சத்தம் நின்று போனதைத்தான் அவன் கேட்டான். இதுவரை அவள் குரலுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்த என்ஜின் இப்போது இல்லை. வைப்பரும் இல்லை. மழை மட்டும் இருந்தது.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணாத! சாவியத் தொடாத, தண்ணி உள்ள இழுத்துரும்... கண்ணாடி இறங்குதா பாரு... பொத்தான நல்லா அழுத்து... எதுவுமே எரியலையா... கதவு?... லாக் தானா விழுந்துச்சா? கையால தூக்கிப் பாரு... ரெண்டு கையாலயும்... பின் கதவு? மாமாவ ஒரு தள்ளு தள்ளச் சொல்லு... ம்... ம்... வெளிய தண்ணி எதுவரைக்கும் இருக்கு?"

பதில் வந்தபோது அவன் பக்கத்திலிருந்த வண்டியின் பானெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கைப்பிடி வரைக்குமா."

அவன் திரும்பி, பட்டறையின் மறுகோடியில் மட்கார்டு தட்டிக்கொண்டிருந்த டிங்கரைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே! உங்க போன்லேர்ந்து தீயணைப்புக்கு அடிங்க! ரயில் பாலம், பள்ளத்துல, கார்ல ரெண்டு பேர், ஒருத்தருக்குக் கால்ல கட்டு! கட்டி இழுக்குற கயித்த எடுத்துக்கிட்டு வேன்ல கிளம்புங்க! அக்காண்ணே, எங்க அக்கா!"

டிங்கர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். அவனுக்கும் கால் பரபரத்தது. ஆனால் பாலத்துக்கு இந்த மழையில் அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை அவளுக்கு இருப்பது இந்தப் போன் ஒன்றுதான். தகரத்தில் விழும் மழையில் அவள் சொல்வது பாதி காதில் விழவில்லை. அவன் பழுதுக்கு வந்திருந்த ஒரு காருக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டான். உடனே அவள் மூச்சு அவன் காதுக்குள்ளேயே கேட்டது.

"ஆள் வர்றாங்கக்கா. கிளம்பியாச்சு. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்... உள்ள தண்ணி வருதா?... பாதம் நனையுதா, அதுக்கு மேலயா?... முட்டியா... ஏன்க்கா இவ்வளவு மெதுவாப் பேசற?"

சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவள் அவள். பெரிய விஷயம் வந்தால் குரல் இறங்கிவிடும். அப்பா இறந்த செய்தியைக்கூட அவள் இந்தக் குரலில்தான் சொன்னாள்.

"இல்ல, பக்கத்துக் கண்ணாடிய உடைக்காத. தண்ணி ஒரே மூச்சா உள்ள வரும். மாமா படுத்த வாக்குல இருக்கார், அவரால எந்திரிக்க முடியாது... மேல. மேலதான் வழி. சன்ரூஃப்... பொத்தான் வேலை செய்யாது, தெரியும். கையால திறக்கலாம். டேஷ்போர்டு டப்பாவத் திற. வண்டிப் புத்தகத்தோட ஒரு சின்னப் பை இருக்கும், அதுல வளைஞ்ச சாவி ஒண்ணு... இருக்கா? அப்பாடா... இப்ப தலைக்கு மேல லைட் இருக்குல்ல, அந்த மூடிய நகத்தால நெம்பு..." அவன் தன் தலைக்கு மேலிருந்த விளக்கைத் தானே விரலால் நெம்பிக்கொண்டிருந்தான். "வந்துருச்சா? உள்ள ஒரு ஓட்டை தெரியும். சாவிய அதுல சொருகிச் சுத்து... வலப்பக்கமா... சுத்துதா?... கண்ணாடி நகருதா?... இன்னும் சுத்து... நகரலையா... அழுத்தி..."

அழுத்தி என்று சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. நகராது. எப்படி நகரும்? இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் வராத பசை அது. பசை டப்பாவில் அப்படித்தான் எழுதியிருக்கும். அதை நம்பித்தான் அவன் அதை வைத்தான். இருந்தும் இரண்டு விநாடி அவன் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு விநாடியை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொள்வான். மறுமுனையில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகும் முனகல் கேட்டது.

"அக்கா, நிறுத்து... சுத்தாத... எவ்வளவு சுத்தினாலும் நகராது... இல்ல, நீ தப்பா சுத்தல... அக்கா, நான் ஒட்டிட்டேன்... கண்ணாடிய. பசை வெச்சு. நாலு பக்கமும்... குழாய் எதையும் சுத்தம் பண்ணல. பொய் சொன்னேன்... அக்கா?... அக்கா, இருக்கியா?... ஏதாவது பேசு..."

மாமா ஏதோ கேட்பதும், தண்ணீர் அலைவதும் கேட்டன. அப்புறம் அவள், இனி என்ன செய்வது என்று மூன்றே சொற்களில் கேட்டாள்.

"உடைக்கணும்," என்றான். "இப்ப சொல்றத மட்டும் செய். மாமாவோட ஊன்றுகோல் வண்டியில இருக்கா?... அலுமினியமா? போதும், போதும். அடியில ரப்பர் மாட்டியிருக்கும், அதப் புடுங்கு... பல்லால கடிச்சு இழு, மாமாவையும் பிடிக்கச் சொல்லு... வந்துருச்சா? இப்ப உள்பலகையப் பின்னாடி தள்ளு, கண்ணாடி தெரியட்டும். துண்ட எடுத்து மாமா முகத்துல போடு. நீ கண்ண மூடிக்க... நடுவுல அடிக்காதக்கா, நடுவுல வளைஞ்சு குடுக்கும். மூலையில அடி. ஓரத்துலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி. மூலையில அடி, அக்கா!"

டக்.

"ஓங்கி!"

டக். டக். அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவன் கண் தானாக மூடித் திறந்தது. நாலு. ஐந்து. நடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரே இடத்துலக்கா. மாத்தி மாத்தி அடிக்காத... தண்ணி எங்க இருக்கு?... சீட்டுக்கு மேலயா... பரவாயில்ல, பார்க்காத, மேல பாரு... அடி... இன்னொரு தடவை... எனக்காக வேணாம், என்னத் திட்டிக்கிட்டே அடி!"

பத்தாவதோ பதினொன்றாவதோ தெரியவில்லை. ஒரு மூட்டை உப்பைத் தரையில் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. உடனே மழை பேரிரைச்சலாக உள்ளே விழுந்தது.

"உடைஞ்சுதா! உடைஞ்சுதா?... ஓரத்துல இருக்குறத ஊன்றுகோலால சுத்தித் தட்டிவிடு. சீட் கவரக் கிழிச்சு விளிம்புல போடு, கை கிழிஞ்சிரும்... இப்ப நீ ஏறு... இல்ல, நீதான் முதல்ல. கீழ நின்னு அவரத் தூக்க உன்னால முடியாது, மேலேர்ந்துதான் இழுக்க முடியும்... சொன்னாக் கேளுக்கா... சண்டை போடுற நேரமா இது? போன மாமாகிட்ட குடு... குடுன்னா!... மாமா, நான்தான்... மாமா, அப்படியெல்லாம் பேசாதீங்க... உங்கள விட்டுட்டு அவ வீட்டுக்கு வருவாளா, நீங்களே சொல்லுங்க... அப்ப அவள முதல்ல ஏறச் சொல்லுங்க... கட்டு நனைஞ்சா நனையட்டும், கால் மறுபடி உடைஞ்சா மறுபடி கட்டிக்கலாம். நல்ல காலால சீட்ட உதைச்சு எழும்புங்க. கை ரெண்டையும் மேல நீட்டுங்க... மாமா, என்னை... அப்புறம் பேசலாம், மாமா. மேல வாங்க. வந்து என்னைச் செருப்பால அடிங்க."

போனை யாரோ சட்டைக்குள் போட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. துணி உரசும் சத்தமும் மழையும் மட்டும் வந்தன. அவன் அந்தக் காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஓட்டப் போகிறவன் மாதிரி கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை மாமா வலியில் அலறினார். அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அலறுகிறவர் உயிரோடு இருக்கிறார். அதற்கப்புறம் அலறலும் இல்லை.

"அக்கா... அக்கா, கேக்குதா... ஒரு தட்டாவது தட்டு... போன்மேல விரலால தட்டு... அக்கா..."

சின்ன வயதில் இருட்டில் அவளைக் கூப்பிட்டது மாதிரியே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிடுவதை நிறுத்தினால் அந்தப் பக்கம் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. கார்க் கண்ணாடி முழுக்க அவன் மூச்சுப் பட்டு வெளுத்துவிட்டது.

"...யாரு? அக்காவா?... அக்கா!... ஏறிட்டாரா? ரெண்டு பேருமா? கூரை மேலயா?... உக்காருங்க, நிக்காதீங்க, வழுக்கும்... யாரு கத்துறாங்க?... மேல் ரோட்டுலேர்ந்தா?... கயிறா! பஸ்ஸ நிறுத்திட்டு இறங்கிட்டாங்களா!... முதல்ல மாமாவுக்குக் கட்டச் சொல்லு, இடுப்புல... அக்குளுக்கு அடியில, இடுப்புல இல்ல... ம்... ம்... தூக்கிட்டாங்களா... மெதுவா, மெதுவான்னு சொல்லு அவங்ககிட்ட..."

அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தான். அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"உனக்குக் கயிறு வருதா?... கையில என்ன, ரத்தமா? நிறையவா?... ம்... அக்கா, நான் என்ன சொல்றதுன்னே... திட்டுக்கா. ஏதாவது திட்டேன்... என்ன?... எத்தனை வண்டியா?... அது எதுக்கு இப்ப, நீ முதல்ல மேல ஏறு... ஏறிட்டுப் பேசலாம்..."

அவள் ஏறவில்லை. கயிறு கைக்கு வந்த பிறகும் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு அதையே மறுபடி கேட்டாள். அந்த இறங்கின குரலில்தான்.

"ரெண்டு," என்றான். "உன்னோடது போக ரெண்டு. அதே பசைதான்... ஒண்ணு பல் டாக்டரோடது, அது ஷெட்டுலயே நிக்கும், அவர் ஊர்ல இல்ல. இன்னொண்ணு..." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னொண்ணு வேன். பழசு. மேல ஜன்னல் வெச்சது... பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்துற வேன்க்கா... மூணரைக்கு விடுவாங்க... மணி மூணே முக்கால்... தெரியல, எந்த வழியாப் போவார்னு தெரியல... சரிக்கா. இப்பவே. எதையும் மறைக்கல, நான்தான் ஒட்டினேன்னே சொல்றேன்... அக்கா, நீ கயித்தக் கட்டிக்கிட்டியா? அக்கா, எம்மேல..."

அவள் வைத்துவிட்டாள்.

வேன்காரரின் எண்ணைத் தேடி அழுத்தினான். ரிங் போனது. நிற்காமல் போனது. கடைசியில் அவர் எடுத்தபோது, அவர் குரலுக்கு முன்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுப் பாடுவதுதான் கேட்டது.

"அண்ணே, நான் மெக்கானிக் பேசறேன். வண்டிய மேடாப் பார்த்து நிறுத்துங்க. நிறுத்திட்டுப் பேசுங்க, அண்ணே. முதல்ல நிறுத்துங்க."