மீட்கப்பட்டோம் என்றார் உபதேசியார்

ஓடுகிறோம். றப்பர் மரங்களுக்கு நடுவே ஓடுகிறோம். சரிவு. சருகு வழுக்குகிறது. பின்னால் கடைவீதி எரிகிறது. தகரம் வெடிக்கிறது. முதலில் ஒன்று. பிறகு விடாமல். என் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என் குழந்தை இல்லை. துணிக்கடை மீரானின் மகள். அவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். எனக்கு முன்னால் என் புருஷன் ஞானமுத்து. அவர் முதுகில் காக்கா. காக்காவின் காலில் கத்தி வெட்டு. சொட்டிக்கொண்டே வருகிறது.

கீழே வயலிலிருந்து ஒரு சிங்களக் கிழவர் கத்துகிறார்.

"துவபங்! மே பெத்தென் துவபங்!"

இந்தப் பக்கமாக ஓடு என்கிறார். அந்தப் பக்கமே ஓடினோம். அதனால் பிழைத்தோம்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டம். வைகாசி மாதம். சீமையில் பெரிய சண்டை நடந்த காலம். அது இங்கே வராது என்றிருந்தோம். கண்டிப் பக்கம் கலவரம் மூண்டது. முஸ்லிம் கடைகளை உடைத்துக்கொண்டு ஒரு கும்பல் எங்கள் கடைவீதிக்கும் வந்தது.

காக்காவை எங்கள் ஜெபவீட்டில் ஒளித்தோம். அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார்தான் கதவைத் திறந்தார். அவரே தண்ணீர் கொடுத்தார். விடிந்ததும் காக்காவையும் குழந்தையையும் வண்டியில் வைக்கோலுக்கடியில் படுக்க வைத்தோம். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த உபதேசியாரை நாங்கள் நம்பினோம். அடிமையாகக் கிடப்பவனை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, நீ போகலாம் என்று விடுவதுதான் மீட்பு என்பார். "நமக்குக் கொடுத்த வெல காசு இல்ல. அவரோட சொந்த ரத்தம்" என்பார். அதைக் கேட்டுத்தான் என் புருஷன் ஞானஸ்நானம் எடுத்தார். அதுவரை வெறும் முத்து. "என்னையும் ஒருத்தர் பெருசா நெனச்சிருக்காரு புள்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வண்டி போன மறுநாள் பட்டாளம் வந்தது. நாட்டில் ராணுவச் சட்டம். துப்பாக்கியோடு துரைமார். தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டு விறகுக்கடியில் பட்டுத் துணி மூட்டை. கொள்ளையடித்த மூட்டை. கொண்டுவந்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும். கங்காணியின் மகன்.

துரை கத்துகிறார். உபதேசியாருக்கு இங்கிலீஷ் தெரியும். அவர்தான் எங்களுக்குச் சொல்கிறார்.

"திருடுனவனக் காட்டணுமாம். இல்லன்னா பத்துப் பேரச் சுடுவாங்களாம்."

கங்காணி உபதேசியாரைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் கூட்டிப்போனார். தண்ணீர் விழும் சத்தம். அவர்கள் பேசியது கேட்கவில்லை. உபதேசியார் திரும்பி வந்தார். கை நீட்டினார். என் புருஷனைக் காட்டினார்.

அவர் சட்டையில் இன்னும் ரத்தக் கறை. அதுவே போதுமாக இருந்தது.

நான் கத்தினேன். "அது காக்காவோட ரத்தம்ங்க! உபதேசியாரே, நீங்கதானே கதவத் தெறந்தீங்க! சொல்லுங்க!"

அவர் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துரை தலையாட்டினார். றப்பர் ஸ்டோர் சுவரோரம் நிறுத்துகிறார்கள். என் புருஷன் உபதேசியாரையே பார்க்கிறார். பயம்கூட இல்லை. இன்னும் நம்புகிறார்.

"ஐயா, சொல்லிடுங்கய்யா."

ஒரே வெடி. பல துப்பாக்கிகள், ஒரே சத்தம். மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. பிறகு பீலித் தண்ணீர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போனேன். என்ன சொல்வார் என்று கேட்கத்தான் போனேன். உபதேசியார் என்னைப் பார்த்தே பேசினார்.

"அழாத அன்னம்மா. ஒருத்தர் போனாரு. லயமே மீட்கப்பட்டோம். ஆண்டவர் வழியும் இதுதான்."

எழுந்து நின்றேன்.

"ஆண்டவரு தன்னையே கொடுத்தாருங்க. அடுத்தவள் புருஷனப் புடிச்சுக் கொடுக்கல. நீங்க ஒங்களக் கொடுத்திருக்கலாம். கங்காணி அவரு மகனக் கொடுத்திருக்கலாம். இதுக்குப் பேரு மீட்பு இல்லைங்க. இது காட்டிக்கொடுத்தது."

யாராவது ஆமாம் என்பார்கள் என்று நின்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே வந்தேன். ஆண்டவரை விடவில்லை. அந்த வாசலைத்தான் பிறகு மிதிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து காக்கா வந்தார். கட்டையூன்றி வந்தார். "நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனே தங்கச்சி" என்று அழுதார். சாட்சி சொல்ல எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

போனவை இவை. கடைவீதியில் முஸ்லிம்களின் கடைகள் எல்லாம். காக்காவின் ஒரு கால். என் புருஷன் ஞானமுத்து. அவர் செத்த மாதமே கலைந்த என் கரு. ஆள் இல்லாதவளுக்கு இடமில்லை என்று கங்காணி பிடுங்கிக்கொண்ட லயக் காம்பரா, என் ஒற்றை அறை.

கங்காணியின் மகன் கல்யாணம் கட்டினான். உபதேசியார் ஊர் மாறிப் பெரிய கோயிலுக்குப் போனார். லயத்தின் மற்ற ஆண்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களையும் நான் இழந்தேன்.