பாடிச் சாகும் ராசா

"சாகிறதெண்டால் அரை மணித்தியாலமாவது பாடிப்போட்டுத்தான் சாகவேணும்."

சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை, திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அன்று மூதூர்க் கோயிலில் இசைநாடகம். ஊரடங்குக்குப் பயந்து பகலிலேயே வைத்திருந்தார்கள். அந்த அம்மாவின் தம்பிதான் ராசா வேடம் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"படத்திலயெண்டால் ஒரு வெடியோட முடிஞ்சிடும்," என்றார் அம்மா. "உங்கட ராசா வாள்குத்து வாங்கியும் எழும்பி நிண்டெல்லே பாடுறார்."

"படத்தில சாகிறவன், நான் 'இன்னொருக்கால்' எண்டு கத்தினால் திரும்பிச் சாவானே? உம்மட தம்பி போன வருசம் மூண்டு தரம் செத்தவன்!"

"டிவியிலயும் நல்லா அழுகினம்."

"கரண்ட் போனால் அந்த அழுகையும் போயிடும்."

அப்போது கடற்படைச் சிப்பாய் ஒருவர் வந்து, ஊரடங்கை முந்திப் போடுகிறார்கள், மூதூரிலிருந்து திரும்பும் கடைசி லோஞ்சு மூன்று மணிக்கு என்று அறிவித்தார். வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"நாடகம் ரெண்டு மணிக்கெல்லே தொடங்கும்," என்றார் அம்மா. "தம்பியை இண்டைக்குக் கெதியாச் சாகச் சொல்லுவம்."

"ஏலாது!"

அவர் முகம் வாடிக் கடலைப் பார்த்தபடி நின்றார். லோஞ்சின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியதும் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

"வாரும், வாரும்! சாகிற காட்சியை முதல்ல போடச் சொல்லுவம். அவன் பிறந்து வளர்ந்து முடிசூடுறதை மூதூர்ச் சனம் பிறகு ஆறுதலாப் பார்க்கட்டும்."